ஏரியை மறைத்த சகாயராணி

கொடைக்கானல் ஏரியை உண்டாக்கியது யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரத் துரை என்கிறார்கள். கோயிலில் கடவுள் என்கிறார்கள். ஆனால் அந்த ஏரியை யாரும் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் பொறுப்பு என்பதில் இரண்டாவது கருத்துக் கிடையாது. அந்தப் பொறுப்பை அரசாங்கம் எவ்வளவு கண்ணும் கருத்துமாக நிறைவேற்றியது என்பதைச் சகாயராணியின் உடம்பை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும்.

சகாயராணி ஏரிக்கரை மேட்டில் இருந்த அரசு விருந்தினர் விடுதியில் பரிமாறுகிறவள். நாற்பத்தைந்தைத் தாண்டியவள், விதவை. விடுதிக்குப் பின்புறம் தகரம் வேய்ந்த ஓர் அறை அவளுக்கு உண்டு. சமையல்கட்டுச் சுவரை ஒட்டிய அறை என்பதால் டிசம்பர் குளிரில்கூடக் கதகதப்பாக இருக்கும். அவளுடைய ஒரே மகன் அருள்மணி பூம்பாறை பஸ்ஸில் கண்டக்டர். பூம்பாறையில் பூண்டு போடும் சூசைமாணிக்கத்தின் மகளை அவனுக்குக் கேட்டு, பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. டவுனில் ஓர் அறை இருக்கிறது என்பதுதான் மாப்பிள்ளை வீட்டாரின் பெரிய பெருமை.

உடம்பு பருமன்தான். அதை அவள் மறைத்ததில்லை. மறைக்கக்கூடிய அளவிலும் அது இல்லை. முன்பிருந்த அதிகாரி, "பரிமாறுற ஆளு இப்படி இருந்தாத்தான் சாப்பாட்டு மேல நம்பிக்கை வரும்" என்று அவளைக் காட்டி விருந்தாளிகளிடம் பெருமை பேசுவார். அப்போது அவள் உடம்பு விடுதியின் விளம்பரம். பிறகு அதிகாரி மாறினார், உடம்பு மாறவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

புதிய அதிகாரி திருமலைச்சாமி வந்து சேர்ந்த சில நாட்களில் சென்னையிலிருந்து ஒரு புகார் வந்தது. புகார் செய்தவர் மிக உயர்ந்த இடத்தில் இருந்தவர். குளிருக்குப் பயந்து வெளியே போகாமல், சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே கண்ணாடி ஜன்னல் வழியாக ஏரியைப் படம் பிடித்திருக்கிறார். ஊருக்குப் போய்ப் படத்தைக் கழுவிப் பார்த்தால் ஏரியைக் காணோம். ஒரு நீலச் சேலை, ஓர் இட்லித் தட்டு, அவ்வளவுதான். மூன்றாம் தடவை இட்லி கேட்டவரும் அவர்தான் என்பது புகாரில் எழுதப்படவில்லை.

திருமலைச்சாமி சகாயராணியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

"இதுல என்ன தெரியுது?"

"நான் தெரியிறேன் சார்."

"ஏரி தெரியுதா?"

"ஏரி எனக்குப் பின்னாடி இருக்கு சார்."

"அதைத்தாம்மா அரசாங்கம் கேக்குது. ஏரிக்கு முன்னாடி உனக்கு என்ன சோலி?"

"மேசை அங்கதான சார் போட்டிருக்கு? மேசைக்குத்தான இட்லி கொண்டாரணும்?"

"வேற ஒருத்தியா இருந்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஏரி தெரிஞ்சிருக்கும்."

சகாயராணி படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். அவர் சொன்னது நிஜந்தான். அவளுக்கே ஏரியை நினைத்துப் பாவமாக இருந்தது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'சுற்றுலாப் பயணிகள் இயற்கைக் காட்சியைத் தங்குதடையின்றிக் கண்டு களிக்கும் பொருட்டு, இவ்விடுதியில் பரிமாறும் பெண் பணியாளர்களின் உடல் எடை அறுபது கிலோவுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். மேற்படுவோர் இயற்கைக் காட்சி ஏதும் இல்லாத இடத்துக்குப் பணிமாற்றம் செய்யப்படுவர்.'

ஆண் பணியாளர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சமையல்காரர் கதவைப் பக்கவாட்டில்தான் தாண்டுவார். காவலாளி உட்கார்ந்தால் பெஞ்சில் வேறு ஆளுக்கு இடமில்லை. அதெல்லாம் விடுதியின் கம்பீரம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. அதிகாரியின் வயிறு இடிப்பதால் அவருடைய மேசை இழுப்பறை பாதிக்கு மேல் திறக்காது. ஆனால் பதவியில் இருப்பவர்களுக்கு அதன் பெயர் பருமன் இல்லை, பொறுப்பு.

காட்சி இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சங்கடம் வந்தது. பழனி மலையில் எங்கே திரும்பினாலும் ஒரு பள்ளத்தாக்கோ அருவியோ வந்து நிற்கிறது. ஊழியர்களைக் கூட்டி வைத்து, யோசித்து, கடைசியில் பாச்சலூர்ப் பக்கம் சாமான் அடுக்கும் ஒரு பழைய கிட்டங்கியைப் பிடித்தார்கள். அங்கும் சுற்றிலும் காடும் மலையும்தான். ஆனால் கிட்டங்கிக்கு ஜன்னல் கிடையாது. ஆகவே அது காட்சி இல்லாத இடம் என்று முடிவாயிற்று.

விடுதியைக் கூட்டிப் பெருக்கும் ராக்காயிக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ராக்காயி குச்சி மாதிரி இருப்பாள். வாய் மட்டும் பெரிது.

"யக்கா, ஆறு மாசம் மூடுபனி ஏரியை மறைச்சுக்கிட்டுத்தான கெடக்கு? அதையும் பாச்சலூருக்கு மாத்தச் சொல்லு."

"உனக்குச் சிரிப்பா இருக்குடி. பாச்சலூருக்குப் போனா இந்த ரூம்பு போயிரும். ரூம்பு போனா பூம்பாறைக்காரரு பொண்ணு குடுப்பாரா?"

"அப்ப மெலிஞ்சிரு."

"என்னமோ தாவணியைக் கழட்டிச் சேலை கட்டுற மாதிரி சொல்ற!"

அந்த வருஷம் மெலிவதுதான் நாகரிகமாக இருந்தது. அதற்கு முன்பு வரை கல்யாணத்துக்குப் பெண் பார்த்தால் 'பொண்ணு பூசினாப்ல இருக்கா' என்பது பாராட்டு. அதே வார்த்தை இப்போது வியாதியின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. பத்திரிகைகளில் இடுப்புக்கு ஒரு பக்கம், தொடைக்கு ஒரு பக்கம் என்று எழுதினார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் நெய்க்கு விளம்பரம் போட்டார்கள். அதிகாரியின் மனைவி சுந்தராம்பாள் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களைச் சேர்த்து 'மெலிவு மன்றம்' ஒன்று நடத்தினாள். வாரம் ஒரு நாள் கூடி, எப்படியெல்லாம் சாப்பிடாமல் இருக்கலாம் என்று பேசுவார்கள். பேசிக் களைத்துப்போவதால் கேக்கும் வெஜிடபிள் பப்ஸும் உண்டு. அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் சகாயராணி.

"உனக்கு மனக்கட்டுப்பாடு இல்ல சகாயராணி, அதான்" என்றாள் சுந்தராம்பாள், பப்ஸின் தூளை மடியிலிருந்து தட்டியபடி. "மனசு வச்சா முடியாதது கெடையாது. காரட் சாப்பிடு. நம்ம ஊர்ல விளையிறதுதான? எனக்கு இந்த மாசத்துல ரெண்டு ஜாக்கெட் தொளதொளன்னு ஆயிருச்சு."

அந்த இரண்டு ஜாக்கெட்டையும் தையல்காரர் பிரித்துத் தைத்ததை ராக்காயி பார்த்திருந்தாள். நல்ல வேளையாக அப்போது அவள் பக்கத்தில் இல்லை.

சகாயராணி காரட் சாப்பிட்டாள். முதலில் கன்னியாஸ்திரீகள் மடத்து மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்த சிஸ்டரிடம் எடை பார்த்துக்கொண்டாள். எழுபத்தெட்டு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வேளாவேளைக்கு ஒரு கூடைக் காரட்டைத் தின்றாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போய் ஏறி நின்றாள். எழுபத்தெட்டரை.

"காரட் மட்டுமா சாப்பிட்ட?" என்றார் சிஸ்டர்.

"சோத்தோடதான் சிஸ்டர். சோறு இல்லாமக் காரட் எப்படி உள்ள எறங்கும்?"

சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். சகாயராணிக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் அவள் விட்டுவிடவில்லை. ஒரு வாரம் சோற்றையும் நிறுத்தினாள். தலை சுற்றி, ஒரு நீதிபதியின் மடியில் சூப்பைக் கொட்டினாள். 'மெலிவதில் ஆர்வம் காட்டுவது வரவேற்கத்தக்கது. எனினும் பணி நேரத்தில் மெலிவது ஒழுங்கீனம்' என்று அதற்கு ஒரு தனி எச்சரிக்கை வந்தது. அவள் மறுபடி சோற்றைத் தொட்டாள்.

எடை போடும் நாளும் வந்தது. ஆனால் எடை போடும் கருவி வரவில்லை. அலுவலகத்துக்குச் சொந்தமான எடைக் கருவி, இரண்டு அதிகாரிகளுக்கு முந்திய காலத்தில் மதுரைக்குப் பழுது பார்க்கப் போனது. அதைத் திருப்பிக் கேட்டு எழுதுவதற்கு, அது போயிருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு யாரும் தயாராக இல்லை. கோடை விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே விழாவுக்குத் தாராளமாக உதவுகிறவரும், பூம்பாறைப் பூண்டு மண்டியின் முதலாளியுமான பரமானந்தத்திடம் தராசு இரவல் கேட்கப்பட்டது. அவரும் மகிழ்ச்சியோடு கொடுத்தார்.

மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசு, அருள்மணியின் பஸ் கூரையில் ஏறி வந்தது. கூடவே எடையாள் பொன்னுவேலும் வந்தார். அவர் வாழ்நாளெல்லாம் பூண்டைத் தவிர வேறு எதையும் நிறுத்தவர் இல்லை. சாப்பாட்டு அறையின் நடுவில் தராசை நிறுத்தி, முதல் ஆளாக நின்ற ராக்காயியை ஏற்றி, "லாபம்!" என்று மண்டி வழக்கப்படி குரல் கொடுத்தார். மண்டியில் முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். சுற்றறிக்கைப்படி பார்த்தால் பெருக்குகிறவளை நிறுக்க வேண்டியதே இல்லை. ஆனால் மெல்லிய ஆளில் தொடங்கினால் மங்களகரமாக இருக்கும் என்று அதிகாரி நினைத்தார்.

ராக்காயியின் எடை முப்பத்திரண்டு என்று வந்தது. இந்த எடைக்கு ஒரு முழு ஊழியர் சம்பளம் தருவது சரியா என்று அதிகாரி யோசனையோடு பார்த்தார். ராக்காயி வெரசாக இறங்கிக்கொண்டாள்.

அடுத்தது சகாயராணி. குளிருக்கு ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, வெளியே தூறலில் நடந்து வந்த ஈரம். மாதாவை வேண்டிக்கொண்டு ஏறினாள். பொன்னுவேல் எடைக்குண்டுகளை வைத்தார், எடுத்தார், தள்ளினார். பிறகு மூட்டையைப் பார்ப்பதுபோல் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாய்க்குள் கணக்குப் போட்டார்.

"சால்வை, ஸ்வெட்டர், சாக்குக் கழிவு. காலுல மண்ணு, மண் கழிவு. நனைஞ்சிருக்கு, ஈரக் கழிவு. போக... அம்பத்தெட்டு!"

சகாயராணி தராசிலிருந்து இறங்க மறந்து நின்றாள்.

"எதுக்குய்யா கழிக்கிற?" என்றார் திருமலைச்சாமி.

"கழிக்காம நிறுத்தா எங்க முதலாளி வைவாருங்க."

"இது மனுஷிய்யா."

"மேடையில ஏறிட்டா எல்லாம் ஒண்ணுதாங்க. கழிவு போகத்தான் எடை. எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான்."

"கழிவு போனாலும் அம்பத்தெட்டு வராதே. பாத்தா தொண்ணூறு மாதிரி இருக்கு?"

"தராசு சொல்லுதுங்க. முத்திரை இருக்கு, இந்தா பாருங்க."

அரசாங்க முத்திரை இருக்கத்தான் செய்தது. கண்ணுக்கு முத்திரை கிடையாது, தராசுக்கு இருக்கிறது. ஓர் அரசு அலுவலர் எதை நம்ப வேண்டும் என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. இருந்தாலும் திருமலைச்சாமி, சும்மா சோதித்துப் பார்ப்பதற்காக, தானும் ஒரு தரம் ஏறினார்.

"அறுபத்தாறு!" என்றார் பொன்னுவேல்.

அதிகாரி மெதுவாக இறங்கினார். ஜன்னல் கண்ணாடியில் பக்கவாட்டாகத் தன்னைப் பார்த்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கும் ஈரக் கழிவு போட்டியா?" என்று கேட்டார்.

"நீங்க நனையலைங்களே. மண் கழிவு மட்டுந்தான்."

"துல்லியமான தராசு" என்றார் அதிகாரி. உடனே ஆள் அனுப்பி வீட்டம்மாவை வரச் சொன்னார்.

சுந்தராம்பாளுக்கு ஐம்பத்தாறு வந்தது. அன்று சாயங்காலமே மெலிவு மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. எலுமிச்சைத் தண்ணீரும் மனக்கட்டுப்பாடும் கடைசியில் வென்றுவிட்டன என்று தீர்மானம் போட்டு, கேக் வெட்டினார்கள்.

தராசு மண்டிக்குத் திரும்பியது. ஆனால் ஊர்ப் பெண்கள் அதை விடுவதாக இல்லை. பூம்பாறைக்குப் போனால் பதினைந்து கிலோ குறைகிறதாம் என்று பேச்சு பரவியது. பூம்பாறைக் காற்று என்றார்கள் சிலர். பூண்டு வாசம் கொழுப்பைக் கரைக்கிறது என்றாள் சுந்தராம்பாள். பெரிய வீட்டுக் கார்களும், மதுரை வரைக்கும் உள்ள சீமாட்டிகளும் மண்டி வாசலில் வந்து நின்றார்கள். பரமானந்தம் ஒரு மூலையில் திரை கட்டி, ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் மாட்டினார். பஸ் நின்றதும் அருள்மணி, "மெலியிறவுக எல்லாம் எறங்குங்க!" என்று விசில் ஊதினான்.

அதே மண்டியில், அதே தராசுக்கு, பூண்டு மூட்டைகளோடு விவசாயிகளும் வரிசையில் நின்றார்கள். திரைக்குள்ளிருந்து ஒரு சீமாட்டி, "வீட்ல எழுபத்திரண்டு, இங்க அம்பத்தஞ்சு!" என்று கூவுவது அவர்களுக்குக் கேட்கும். ஒரு நாள் அதைக் கேட்ட சூசைமாணிக்கம் தன் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். வீட்டில் கட்டும்போது இதுவும் கனமாகத்தான் இருந்தது.

"ஏலே, அந்தம்மா உடம்புல பதினேழு கிலோ கொறையுதுன்னா, என் மூட்டையில எம்புட்டுலே கொறையும்?" என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டார். அவன் பக்கத்தில் நின்றவனைக் கேட்டான். அப்படியே வரிசை முழுக்கக் கேள்வி போய்ச் சேர்ந்தது. அன்று யாரும் மண்டிக்குப் பூண்டு போடவில்லை; அரசாங்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டார்கள்.

மண்டி எடையை அரசு எடையாக ஏற்றுக்கொண்டவர் திருமலைச்சாமி என்பதால், விசாரணையும் அவரிடமே வந்தது. விடுதிச் சாப்பாட்டு அறையில் ஒரு பக்கம் பரமானந்தமும், மறு பக்கம் விவசாயிகளும் உட்கார்ந்தார்கள். சுந்தராம்பாள் பார்வையாளராக வந்தாள். சகாயராணி டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், வேற சாட்சி வேண்டாம்" என்று எழுந்தார் சூசைமாணிக்கம். "இந்தா டீ குடுக்குதே, இந்தம்மா மடத்து மருந்தகத்துல எழுபத்தெட்டு. உங்க முன்னாடி மண்டித் தராசுல அம்பத்தெட்டு. இருபது கிலோ எங்க சார் போச்சு? அது போன வழியிலதான் எங்க பூண்டும் போகுது."

மருந்தகத்து எடையை ராக்காயிதான் உளறியிருக்கிறாள் என்று சகாயராணிக்குப் புரிந்துவிட்டது. ராக்காயி விளக்குமாற்றோடு தூணுக்குப் பின்னால் போனாள். அவள் மறைவதற்கு அந்தத் தூணே அதிகம்.

"மனுஷியும் பூண்டும் ஒண்ணாய்யா?" என்றார் அதிகாரி.

"தராசுக்கு ஒண்ணுதான சார்?"

திருமலைச்சாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். தராசு பொய் என்றால் பரமானந்தம் திருடன். விழாவுக்குப் பந்தல் கிடையாது. தராசு பொய் என்றால் அவர் அறுபத்தாறு இல்லை. எல்லாவற்றையும்விட, பின்னால் உட்கார்ந்திருந்த சுந்தராம்பாள் ஐம்பத்தாறு இல்லை. அதை அவளிடம் யார் சொல்வது? சுந்தராம்பாள் ஒரு தரம் இருமினாள். அதிகாரி சகாயராணி பக்கம் திரும்பி, வேலைக்கு வந்த நாளிலிருந்து இல்லாத மரியாதையோடு கேட்டார்.

"சகாயராணியம்மா, நீங்களே சொல்லுங்க. நீங்க எத்தனை கிலோ?"

சகாயராணி டீத்தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுபத்தெட்டு என்றால் பாச்சலூர், ஜன்னல் இல்லாத கிட்டங்கி, ரூம்பு போச்சு, மகன் கல்யாணம் போச்சு. ஐம்பத்தெட்டு என்றால் எதிரே நிற்கிற இந்த மனுஷனுடைய வருஷ வெள்ளாமை போச்சு. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். போன அறுவடைக்குக்கூட, சம்பந்தியாகப் போகிறவள் என்று ஒரு கொத்துப் பூண்டு கொடுத்தனுப்பியவர்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் அவர்.

சகாயராணி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அம்பத்தெட்டு சார்."

அதிகாரி அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். 'தராசு சரியானது. காட்டுக்கும் மண்டிக்கும் இடையில் பூண்டு உலர்வது இயற்கை. கொடைக்கானலுக்கும் பூம்பாறைக்கும் இடையில் பெண்கள் உலர்வதும் அவ்வாறே.' விவசாயிகள் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

டம்ளர்களைப் பொறுக்கும்போது ராக்காயி பக்கத்தில் வந்தாள்.

"சத்தமில்லாம இருபது கிலோவை முழுங்கிட்டியே யக்கா" என்றாள்.

அன்று ராத்திரி சகாயராணிக்குச் சோறு இறங்கவில்லை. காரட்டும் இறங்கவில்லை.

கோடை விழா சிறப்பாக நடந்தது. கடுமையான உழைப்பால் மெலிந்து அரசின் நோக்கத்தை நிறைவேற்றிய முன்மாதிரிப் பணியாளர் என்று சகாயராணியை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். ஏரியை ஒட்டி அவளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்திலும் ஏரி தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை யாரும் புகார் எழுதவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ பெண்ணுக்குப் பின்னால் ஏரி தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் பார்க்கிறவர் கண்ணில்தான் கோளாறு.

கைதட்டலுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நாள் கேட்டால் நிஜம்போலவே இருக்கும். சகாயராணி மெல்ல மெல்ல மெலிந்தவளாக நடக்க ஆரம்பித்தாள். குறுகலான சந்தில்கூடப் பக்கவாட்டில் திரும்பாமல் நேராகவே போய் இடித்துக்கொண்டாள். எலுமிச்சைத் தண்ணீர் குடித்தாள். பஸ்ஸில் பருமனான பெண் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் உதட்டைச் சுழித்தாள்.

"மனக்கட்டுப்பாடு இல்லைடி, அதான்" என்று ராக்காயியின் காதில் சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் பெண் பார்க்கப் பூம்பாறைக்குப் போனார்கள். விசாரணையில் நடந்ததற்குப் பிறகும் சூசைமாணிக்கம் சம்மதித்தார். பையன் நல்லவன்; பெண்ணுக்கும் பஸ்ஸில் போய் வந்த பழக்கத்தில் அவனைப் பிடித்திருந்தது. சகாயராணி, அருள்மணி, துணைக்கு ராக்காயி. சின்ன வீடு. வாசலை ஒட்டி நாற்காலி போட்டு சகாயராணியை உட்கார வைத்தார்கள். சம்பந்தியம்மா வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அன்று விசாரணைக்கு வந்த விவசாயிகளும் வெளியே முற்றத்தில் வந்து நின்றார்கள்.

பெண் லூர்துமேரி காப்பி கொண்டுவந்தாள். பூண்டுக் காட்டில் மூட்டை தூக்கிப் பழகிய தோள். நல்ல உயரம், நல்ல வாட்டசாட்டம். தட்டைப் பிடித்த கை கொஞ்சமும் ஆடவில்லை. அருள்மணிக்கு முகமெல்லாம் பல்.

சகாயராணி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். பொன்னுவேல் பார்த்த அதே பார்வை.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கொஞ்சம் உடம்புதான்..."

"யம்மா!" என்றான் அருள்மணி.

"நீ சும்மா இருடா. காலம் எப்படி இருக்கு? நாளைக்கு நாலு பேரு மத்தியில நிக்க வேண்டாமா?"

சூசைமாணிக்கம் பொறுமையாகத்தான் சொன்னார். "அப்படி ஒண்ணும் இல்லைங்க சம்பந்தி. போன வாரந்தான் மண்டித் தராசுல நிறுத்தோம். அம்பத்திரண்டு."

"மண்டித் தராசா?" சகாயராணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அது ஊரறிஞ்ச கள்ளத் தராசுல்ல? அதுல நிறுத்துட்டு எங்கிட்ட வந்து சொல்றீகளே! எனக்குத் தெரியாதா அதோட லட்சணம்? மடத்து மருந்தகத்துக்குக் கூட்டியாங்க, சிஸ்டர்கிட்ட நிறுத்துப் பாப்போம்."

ராக்காயி காப்பி டம்ளரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பதில் சொன்னது லூர்துமேரிதான்.

"அத்தை, கொஞ்சம் நகந்து உக்காருங்க."

"எதுக்குமா?"

"வெளிய அப்பா கூட்டாளிக எல்லாம் நிக்காக. இப்பச் சொன்னீங்களே, அது அவுகளுக்குச் சரியாக் கேட்டிருக்காது. நீங்க வாசலை மறைச்சுக்கிட்டு இருக்கீக."

சகாயராணி மகனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தான். அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். வாசல் நிறைய முகங்கள் தெரிந்தன. அத்தனை முகமும் அவளைத்தான் பார்த்தது. ஆனால் ஒருவரும் அவளுடைய உடம்பைப் பார்க்கவில்லை. அப்படி ஒரு பார்வை அவளுக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்போதுதான் கிடைத்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கள்ளத் தராசுதான்யா" என்றாள். "நான் அம்பத்தெட்டு இல்ல. எழுபத்தெட்டும் இல்ல. எழுபத்தெட்டரை. காரட் தின்னதுல அரை கூடிப்போச்சு."

அரசாங்கம் உடனே நடவடிக்கை எடுத்தது. எழுபத்தெட்டரை கிலோ உள்ள ஒருத்தி, தன்னை ஐம்பத்தெட்டு கிலோவாகக் காட்டி, முத்திரையிட்ட ஒரு தராசையும் அதன் மூலம் அரசையும் ஏமாற்றியது பெருங்குற்றம் என்று கண்டுபிடித்தார்கள். சால்வையைத் திருப்பி வாங்கினார்கள். சகாயராணி பாச்சலூர்க் கிட்டங்கிக்குப் போனாள். அங்கே இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளால் மறைக்கப்படக்கூடிய காட்சி எதுவும் இல்லாததால் இயற்கை நிம்மதியாக இருந்தது. பரமானந்தம் ஏமாற்றப்பட்டவர் என்பதால் அவருக்குப் புதுத் தராசு வாங்க உதவி கிடைத்தது. புதுத் தராசு சரியாக நிறுத்தது; பூண்டுக்குக் கொடுக்கிற விலையை மட்டும் அவர் குறைத்துக்கொண்டார். சுந்தராம்பாளுக்கு அது பிடிக்கவில்லை. பழைய தராசையே விலைக்கு வாங்கி மெலிவு மன்றத்தில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அந்த மன்றத்தில் அறுபது கிலோவைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.

லூர்துமேரி அருள்மணியைக் கட்டிக்கொண்டாள். டவுன் அறை போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தன்னை எந்தத் தராசிலும் யாரும் ஏற்றக் கூடாது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள், வாழ்த்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக ராக்காயியைத் தனியே இழுத்துப்போய், பொண்ணு நிசமா எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார்கள். தராசால் வயிற்றில் அடிபட்ட விவசாயிகள் கேட்டார்கள். அவர்களுடைய பெண்டாட்டிமார் கேட்டார்கள். ஆசீர்வாதம் செய்ய வந்த மருந்தகத்துச் சிஸ்டர்கூடக் கேட்டார்.

ராக்காயி யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே இவ்வளவு தூரம் படித்துவிட்டு நீங்கள் கேட்டாலும் எனக்குத் தெரியாது.